இணையத்தில் வாங்கிய துப்பாக்கியைக் கைக்கு வாங்க டீலருக்கு எவ்வளவு? அமெரிக்காவில் புதிதாக வாங்குபவர்களுக்கு

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கியை இணையத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், கார்டு எண்ணைக் கொடுத்துப் பணமும் கட்டிவிடலாம். ஆனால் அது வீட்டு வாசலுக்கு வராது. விற்பவர் அதை உங்கள் ஊரில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கி டீலருக்குத்தான் அனுப்புவார். அந்த டீலர் பெட்டியைப் பிரித்து, தன் பதிவேட்டில் ஏற்றி, உங்களை வரவழைத்து, படிவம் எழுதவைத்து, பின்னணிச் சோதனை நடத்தி, தேறினால் கையில் கொடுப்பார். இதற்கு அவர் வாங்குவதுதான் டிரான்ஸ்ஃபர் கட்டணம். பல ஊர்களில் 20 முதல் 50 டாலர் வரை. பெரு நகரங்களிலும் சட்டம் இறுக்கமான மாநிலங்களிலும் 75, 100 என்றும் போகும்.

விற்பனைத் தளத்தில் காட்டும் விலையில் இந்தத் தொகை சேராது. அது விற்பவருக்குப் போகும் பணமல்ல, உங்கள் டீலரிடம் நேரில் கட்ட வேண்டியது. அதனால்தான் முதன்முறை வாங்குபவர்கள், மலிவாகக் கிடைத்தது என்று நினைத்த பொருளுக்குக் கடைசியில் உள்ளூர்க் கடை விலையைவிட அதிகம் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

ஏன் நேராக வீட்டுக்கு வராது

1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட் சிகாகோவில் இருந்த க்ளைன்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடைக்கு ஒரு பொய்ப்பெயரில் தபால் ஆர்டர் அனுப்பினார். தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைபிள் 19.95 டாலர், தபால் செலவு 1.50 டாலர். டாலஸில் இருந்த ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு அது வந்து சேர்ந்தது. அந்த நவம்பரில் அதிபர் கென்னடி சுடப்பட்டது அந்த ரைபிளால்தான். தபாலில் துப்பாக்கி வாங்குவதை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட பிறகு, அதே ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தில் வாங்கிய துப்பாக்கியைத் தன் மாநிலத்துக்குள் கொண்டுவர முடியாது. மாநில எல்லை தாண்டும் துப்பாக்கி, உரிமம் உள்ளவர் கையிலிருந்துதான் வாங்குபவர் கைக்குப் போக வேண்டும். வாரிசாக வந்த துப்பாக்கி போன்ற சில விலக்குகள் உண்டு. பின்னணிச் சோதனை பின்னால் வந்து சேர்ந்தது. 1993இல் பிரேடி சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 1998 நவம்பர் 30 அன்று எஃப்பிஐ நடத்தும் நிக்ஸ் என்ற உடனடிச் சோதனை முறை இயங்கத் தொடங்கியது.

எஃப்எஃப்எல் யார்

கூட்டரசின் துப்பாக்கி வியாபார உரிமத்தை எஃப்எஃப்எல் என்பார்கள். பேச்சுவழக்கில் அந்த உரிமம் வைத்திருக்கும் டீலரையே 'என் எஃப்எஃப்எல்' என்று சொல்வதும் உண்டு. ஏடிஎஃப் என்ற துறைதான் உரிமம் தருகிறது. இதில் பல வகைகள் உள்ளன. சாதாரண டீலர் 01 வகை, அடகுக்கடை 02, பழம்பொருள் சேகரிப்பவர் 03, துப்பாக்கி தயாரிப்பவர் 07. உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் செய்து தரக்கூடியவர்கள் 01, 02, 07 வகையினர். 03 வகை உரிமம் சொந்தச் சேகரிப்புக்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு மற்றவருக்கு டிரான்ஸ்ஃபர் செய்ய முடியாது.

01 வகை உரிமத்துக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்கு 200 டாலர், பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 90 டாலர். இது பெரிய செலவில்லை. அதனால் தெருமுனைக் கடை மட்டுமல்ல, வீட்டின் ஒரு அறையையே கடையாக்கி, முன்கூட்டி நேரம் குறித்து வருபவர்களுக்கு மட்டும் செய்து தரும் சிறு டீலர்களும் இருக்கிறார்கள். கட்டணம் குறைவாக இருப்பது பெரும்பாலும் இவர்களிடம்தான். வாடகை இல்லை, சம்பளம் இல்லை, அலமாரியில் விற்காமல் கிடக்கும் சரக்கும் இல்லை.

உரிம எண் 15 இடங்கள் கொண்டது. அதில் டீலரின் மாவட்டம், உரிம வகை, காலாவதி எல்லாம் அடங்கியிருக்கும். காலாவதியை ஒரு இலக்கமும் ஒரு எழுத்தும் சொல்லும். இலக்கம் ஆண்டின் கடைசி எண், எழுத்து மாதம். ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று வரிசையாகப் போகும். ஐ மட்டும் ஒன்று என்ற இலக்கத்தோடு குழம்பும் என்பதால் விடப்பட்டது, ஆகவே செப்டம்பருக்கு ஜே. எண்ணின் முதல் மூன்று இடங்களையும் கடைசி ஐந்து இடங்களையும் கொடுத்தால், ஏடிஎஃப் தளத்தில் ஈஸி செக் என்ற பக்கம் அந்த உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். துப்பாக்கியை அனுப்பும் முன் விற்பவர் செய்வது இதைத்தான்.

உங்கள் பணத்துக்கு டீலர் என்ன செய்கிறார்

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெட்டியை வாங்கிக் கொடுப்பதற்கு 40 டாலரா என்று தோன்றும். டீலரின் வேலை பெட்டி வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விற்பவருக்குத் தன் உரிமத்தின் கையொப்பமிட்ட நகலை அவர் அனுப்ப வேண்டும். பெரிய இணையக் கடைகளிடம் பல டீலர்களின் நகல் ஏற்கனவே கோப்பில் இருக்கும். ஏலத் தளத்தில் ஒரு தனி நபரிடம் வாங்கினால், நீங்கள்தான் இருவருக்கும் நடுவில் நின்று முடித்துவைக்க வேண்டும்.

பெட்டி வந்ததும், அடுத்த வேலை நாள் முடிவதற்குள் வரவுப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். தயாரிப்பாளர், இறக்குமதியாளர் இருந்தால் அவர் பெயர், மாடல், வரிசை எண், வகை, தோட்டா அளவு, யாரிடமிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அந்தக் கணத்திலிருந்து அந்தத் துப்பாக்கிக்கு அவர்தான் பொறுப்பு. காணாமல் போனாலோ திருடு போனாலோ தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃபுக்கும் உள்ளூர்க் காவல்துறைக்கும் சொல்ல வேண்டியவர் அவரே.

பிறகு உங்களை அழைப்பார். நீங்கள் போய் 4473 என்ற படிவத்தை எழுத வேண்டும். பெயர், வீட்டு முகவரி, பிறந்த இடம், உயரம், எடை, அதன்பின் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா, குற்ற வழக்கில் தண்டனை உண்டா, குடும்ப வன்முறை வழக்கு உண்டா, போதைப்பழக்கம் உண்டா என்று போகும். பொய்ப் பதில் கூட்டரசுக் குற்றம். கஞ்சா அனுமதிக்கப்பட்ட மாநிலத்தில் இருந்தாலும், அதைப் பயன்படுத்துபவர் கூட்டரசுச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டவரே. படிவமே அதை எச்சரிக்கையாக அச்சிட்டிருக்கிறது.

அடுத்து டீலர் தொலைபேசியிலோ கணினியிலோ நிக்ஸ் சோதனைக்குக் கொடுப்பார். கிழக்கு நேரம் காலை 8 மணி முதல் நள்ளிரவு தாண்டி 1 மணி வரை, கிறிஸ்துமஸ் தவிர எல்லா நாளும் அது இயங்கும். எஃப்பிஐ இதற்குக் காசு வாங்குவதில்லை. 'நிக்ஸ் கட்டணம்' என்று டீலர் ரசீதில் தனியாக எழுதியிருந்தால், அது ஒன்று மாநில அரசின் கட்டணம், இல்லையேல் டீலர் தன் வேலைக்குப் போடும் தொகை. எது என்று கேட்பதில் தவறில்லை.

சோதனை முடிந்து பொருளைக் கொடுத்த ஏழு நாட்களுக்குள் பதிவேட்டில் பற்று எழுத வேண்டும். 4473 படிவத்தைக் கடை இருக்கும் காலம்வரை பாதுகாக்க வேண்டும். முன்பு 20 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றிருந்தது, 2022இல் வந்த விதி அதை மாற்றிவிட்டது. ஏடிஎஃப் ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வாரன்ட் இல்லாமலே வந்து இந்தக் காகிதங்களைப் புரட்டலாம். உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அது டீலரின் குற்றப்பட்டியலில் சேரும். கட்டணத்தின் பெரும்பகுதி இந்தப் பொறுப்புக்குத்தான்.

தொகை எப்படி முடிவாகிறது

கூட்டரசு இதற்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. டீலர் தன் இஷ்டம்போல் வைக்கலாம், டிரான்ஸ்ஃபரே செய்யமாட்டேன் என்றும் சொல்லலாம். அதனால் ஒரே ஊரில் ஒருவர் 15 டாலரும் இன்னொருவர் 80 டாலரும் கேட்பார்கள். 80 கேட்பவரைப் பேராசைக்காரர் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அவர் கடையில் அதே துப்பாக்கி விற்பனைக்கு இருக்கும். நீங்கள் வெளியில் வாங்கி அவரிடம் காகித வேலையை மட்டும் செய்யச் சொல்கிறீர்கள். அந்த விற்பனையில் போன லாபத்தை அவர் கட்டணத்தில் ஏற்றியிருக்கிறார். சிலர் இதை வெளிப்படையாகவே விதியாக வைத்திருப்பார்கள்: எங்களிடம் இருக்கும் மாடலை வெளியில் வாங்கி வந்தால் இரட்டைக் கட்டணம்.

தனி நபரிடமிருந்து வரும் துப்பாக்கிக்குச் சிலர் 10, 20 டாலர் கூடுதலாகக் கேட்பார்கள், சிலர் வாங்கவே மாட்டார்கள். காரணம் உண்டு. கடையிலிருந்து வரும் பெட்டிக்குள் உரிம நகல் இருக்கும். தனி நபர் அனுப்பும் பெட்டியில் பல நேரம் அனுப்பியவர் பெயர்கூட இருக்காது. பெயரும் முகவரியும் இல்லாமல் டீலர் வரவு எழுத முடியாது. எனவே அப்படி வாங்கும்போது, விற்பவரின் ஓட்டுநர் உரிம நகல், உங்கள் பெயர், உங்கள் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். யாருக்கு வந்தது என்றே தெரியாமல் டீலர் அலமாரியில் கிடக்கும் பெட்டிகள் இந்தத் தாள் இல்லாததால்தான் அங்கே கிடக்கின்றன.

ஒரே தடவையில் இரண்டு வந்தால் இரண்டாவதற்குப் பாதிக் கட்டணமோ 10 டாலரோ வாங்குவது பரவலான வழக்கம். இரண்டையும் ஒரே 4473இல் எழுதிவிடலாம் என்பதே காரணம். ஆனால் ஐந்து தொடர் வேலை நாட்களுக்குள் ஒருவருக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் கைத்துப்பாக்கி கொடுத்தால், டீலர் ஏடிஎஃபுக்குத் தனி அறிக்கை அனுப்ப வேண்டும். அது உங்கள்மேல் குற்றச்சாட்டு அல்ல, வாங்குவதற்குத் தடையும் அல்ல.

டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் உரிமம் வைத்திருப்பவருக்கு நிக்ஸ் அழைப்பு தேவையில்லை, 4473 மட்டும் எழுதினால் போதும். அவர்களுக்கு 5, 10 டாலர் குறைக்கும் டீலர்கள் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

உள்ளூர்க் கடையில் 550 டாலருக்கு ஒரு கைத்துப்பாக்கி, இணையத்தில் அதே மாடல் 480 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை வரி 7 சதவீதம். 2018இல் உச்ச நீதிமன்றம் தென் டகோட்டா–வேஃபேர் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, வெளிமாநில இணையக் கடைகளும் உங்கள் மாநில வரியைப் பிடிக்கின்றன. ஆகவே 'இணையத்தில் வரி இல்லை' என்ற பழைய கணக்கு இனி செல்லாது.

480 டாலருக்கு வரி 33.60. ஷிப்பிங் 20. கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல் என்று சில கடைகள் போடும், அது 16 டாலர் சொச்சம். இதுவரை 549.61 ஆயிற்று. டீலருக்கு 40, மாநிலப் பின்னணிச் சோதனைக்கு 10. மொத்தம் 599.61. உள்ளூர்க் கடையில் 550க்கு வரி சேர்த்து 588.50, சோதனைக்கு 10, ஆக 598.50. எழுபது டாலர் மலிவு என்று தோன்றியது ஒரு டாலர் நட்டமாக முடிகிறது. அதோடு ஒரு வாரக் காத்திருப்பும்.

ஆகவே விலை வித்தியாசம் 100 டாலருக்குக் கீழே இருந்தால் முதலில் உள்ளூர்க் கடையிலேயே கேட்டுப் பாருங்கள். இணைய விலையைக் காட்டினால் பாதி தூரம் இறங்கி வரும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். இணையம் உண்மையில் கைகொடுப்பது வேறு இடத்தில்: உள்ளூரில் கிடைக்காத மாடல், நிறுத்தப்பட்ட பழைய மாடல், இடதுகை ரைபிள், காவல்துறை திருப்பிக் கொடுத்த பயன்படுத்திய கைத்துப்பாக்கிகள். அவற்றுக்கு 40 டாலர் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல.

தங்களுக்கே பல ஊர்களில் கடை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் வாங்கி, அவர்கள் கடையிலேயே போய் எடுத்துக்கொண்டால் பொதுவாக டிரான்ஸ்ஃபர் கட்டணம் இருக்காது. மற்றபடி 10, 11 சதவீதக் கூட்டரசு உற்பத்தி வரி பற்றி யாராவது சொன்னால், அது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ ஏற்கனவே கட்டியது. விலைக்குள் அடங்கிவிட்டது.

ஆர்டர் போடும் முன்

முதலில் டீலரைப் பிடியுங்கள், பொருளைப் பிறகு வாங்குங்கள். இந்த வரிசை மாறினால்தான் சிக்கல்கள் தொடங்குகின்றன. விற்பனைத் தளங்கள் உங்கள் அஞ்சல் குறியீட்டை வைத்து டீலர் பட்டியல் காட்டும். அதில் வரும் கட்டணம் பழையதாக இருக்கலாம், டீலரே தொழிலை விட்டிருக்கலாம். தொலைபேசியில் கூப்பிட்டு, மொத்தமாக எவ்வளவு, மாநிலக் கட்டணம் அதில் அடக்கமா, தனி நபரிடமிருந்து வந்தால் வாங்குவீர்களா, எத்தனை நாள்வரை வைத்திருப்பீர்கள், அதற்குமேல் வாடகை உண்டா, சோதனையில் தேறாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. தேறாதவருக்கும் கட்டணம் உண்டு என்பது பெரும்பாலான கடைகளின் விதி. வேலை நடந்துவிட்டதே.

கைத்துப்பாக்கி என்றால் டீலர் நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் இருந்தாக வேண்டும். ரைபிள், ஷாட்கன் என்றால் வேறு மாநில டீலரிடமும் நேரில் வாங்கலாம், இரு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தால். கூட்டரசுச் சட்டப்படி டீலர் கைத்துப்பாக்கி கொடுக்க 21 வயது, ரைபிள், ஷாட்கன் கொடுக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஏஆர்-15 வகை ரைபிளின் கீழ்ப்பகுதியை மட்டும் வாங்கினாலும், வரிசை எண் பொறித்த அந்தப் பாகம்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. அதற்கும் டீலர் வேண்டும், வயது 21. குழல், கட்டை, விசை போன்ற மற்ற பாகங்கள் கூட்டரசுச் சட்டப்படி நேராக வீட்டுக்கு வரலாம்.

அந்த மாடல் உங்கள் மாநிலத்தில் செல்லுமா என்பதையும் டீலரிடமே கேளுங்கள். கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், மேரிலேண்ட் மாநிலங்களில் அங்கீகரிக்கப்பட்ட கைத்துப்பாக்கிகளின் பட்டியல் உண்டு. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியாவில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் கூடாது. செல்லாத பொருள் வந்தால் டீலர் கொடுக்க முடியாது, திருப்பி அனுப்புவார். போகவர ஷிப்பிங் உங்கள் தலையில், டீலர் கட்டணமும் உங்கள் தலையில், விற்பவர் விலையில் 10, 15 சதவீதம் பிடித்துக்கொண்டால் அதுவும்.

கடையில் நின்று செய்ய வேண்டியது

4473இல் பேனா வைக்கும் முன் துப்பாக்கியைப் பாருங்கள். இதுதான் இந்தக் கட்டுரையில் மிகவும் காசு மிச்சப்படுத்தும் வரி. டிரான்ஸ்ஃபர் முடிந்த பிறகு அது பயன்படுத்திய பொருள். பெரும்பாலான இணையக் கடைகள் அதன்பின் திருப்பி வாங்குவதில்லை, உற்பத்தியாளரின் உத்தரவாதத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடும். டிரான்ஸ்ஃபருக்கு முன்னால் என்றால் டீலரே மறுத்து அனுப்பிவிடலாம். வரிசை எண் ரசீதோடு ஒத்துப்போகிறதா, சொன்ன மாடலும் தோட்டா அளவும்தானா, குழலுக்குள் துரு உண்டா, கட்டையில் விரிசல் உண்டா, சொன்ன எண்ணிக்கையில் மேகசின் இருக்கிறதா என்று பாருங்கள். பழையது வாங்குபவர்கள் டீலரிடம் அனுமதி கேட்டு, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்த பின் விசையும் பாதுகாப்புத் தடுப்பும் வேலை செய்கின்றனவா என்று சோதிப்பது நல்லது.

அடையாள அட்டையில் இருக்கும் முகவரி இப்போது வசிக்கும் முகவரியாக இருக்க வேண்டும். வீடு மாறி ஓட்டுநர் உரிமத்தை மாற்றாதவர்கள்தான் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புபவர்களில் அதிகம். புது முகவரி உள்ள வாகனப் பதிவுச் சான்று போன்ற அரசு ஆவணம் ஒன்றைச் சேர்த்துக் காட்டினால் ஏற்பார்கள். மின்கட்டண ரசீது அரசு ஆவணம் அல்ல. தபால் பெட்டி எண் வசிப்பிட முகவரி ஆகாது.

படிவத்தில் கவுண்டி, அதாவது மாவட்டம், என்று கேட்கும் கட்டத்தில் அதைக் கன்ட்ரி (நாடு) என்று படித்து 'யுஎஸ்ஏ' என்று எழுதிவிடுவது மிகப் பழைய பிழை. தப்பு நேர்ந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது.

கணவர் பணம் கட்டித் தனக்காக வாங்கியதை மனைவி போய்ப் படிவம் எழுதி எடுத்துவர முடியாது. யாருக்காக வாங்கப்பட்டதோ அவர்தான் எழுத வேண்டும். சொந்தப் பணத்தில் வாங்கி மெய்யாகவே பரிசாகக் கொடுப்பது வேறு, அது அனுமதிக்கப்பட்டது. மற்றவர் பணத்தில் அவருக்காக வாங்குவது கூடாது. மாமாவுக்காக அவர் அனுப்பிய 400 டாலர் காசோலையை வாங்கிக்கொண்டு ஒரு க்ளாக் கைத்துப்பாக்கி வாங்கிய முன்னாள் போலீஸ்காரரின் வழக்கில், இருவருமே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்களாக இருந்தும், 2014இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2022இல் வந்த சட்டம் பினாமியாக வாங்குவதற்குத் தனிக் குற்றப்பிரிவே உண்டாக்கி 15 ஆண்டுவரை சிறை வைத்திருக்கிறது.

சோதனை முடிவு மூன்று விதம்

'ப்ரொசீட்' என்றால் எடுத்துக்கொண்டு போகலாம். பெரும்பாலும் சில நிமிடத்தில் வரும். 'டினைட்' என்றால் கிடையாது, காரணத்தை டீலரிடம் கேட்டும் பயனில்லை. அவருக்குச் சொல்லப்படுவதில்லை. பரிவர்த்தனை எண்ணை வாங்கிக்கொண்டு எஃப்பிஐயிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது 'டிலேட்'. பதிவுகளில் ஏதோ ஒன்றைக் கையால் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பொருள். ஒரே பெயரில் பலர் இருந்தாலே இது நடக்கும். சோதனை நடந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று வேலை நாட்கள் கழிந்தும் பதில் வராவிட்டால், டீலர் சட்டப்படி கொடுக்கலாம். திங்களன்று சோதனை என்றால் வெள்ளிக்கிழமை. 21 வயதுக்குக் கீழானவர்களுக்குக் கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் இது 10 வேலை நாள்வரை நீளும். இது 2022இல் வந்த மாற்றம். ஆனால் 'கொடுக்கலாம்' என்பது 'கொடுத்தே ஆக வேண்டும்' அல்ல. 2015 சார்ல்ஸ்டன் தேவாலயக் கொலைகளில் பயன்பட்ட கைத்துப்பாக்கி இப்படி மூன்று நாள் கழிந்து பதில் வராமல் கொடுக்கப்பட்டதுதான். முறையான பதில் வரும்வரை தரமாட்டோம் என்று விதி வைத்திருக்கும் கடைகள் உண்டு. ஒரு சோதனை 30 நாட்களுக்குத்தான் செல்லும். அதற்குள் எடுக்காவிட்டால் மறுபடி சோதனை, சில இடத்தில் மறுபடி கட்டணம். அடிக்கடி தாமதத்தில் மாட்டுபவர்கள் எஃப்பிஐயிடம் விண்ணப்பித்துத் தனி அடையாள எண் வாங்கிக்கொண்டால், அடுத்த முறை படிவத்தில் அதை எழுதலாம்.

மாநிலத்துக்கு மாநிலம்

சில மாநிலங்கள் சோதனையைத் தாங்களே நடத்திக் காசு வாங்குகின்றன. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் ஒரு துப்பாக்கிச் சோதனைக்கு 9 டாலர். டென்னசியில் 10 டாலர், நெவாடாவில் 25 டாலர். கலிஃபோர்னியா தனி உலகம். அரசுக் கட்டணம் 2020இல் 37.19 டாலர் ஆக்கப்பட்டது. எழுத்துத் தேர்வு எழுதி வாங்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு 25 டாலர், காத்திருப்பு பத்து முழு நாட்கள். வெளிமாநில விற்பவர் விற்பனை வரி பிடிக்காமல் அனுப்பினால், அதையும் டீலர் உங்களிடம் வசூலிக்க வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவுக்குள் இருவர் தமக்குள் விற்று வாங்கி டீலர் மூலம் கைமாற்றினால், அரசுக் கட்டணத்துக்கு மேல் டீலர் துப்பாக்கிக்கு 10 டாலர்தான் வாங்கலாம். இந்த வரம்பைக் காட்டி, இணையத்தில் வாங்கியதற்கும் பத்து டாலர்தான் என்று வாதாடுபவர்கள் உண்டு. வெளிமாநிலத்திலிருந்து வருவதற்கு அந்த வரம்பு பொருந்தாது.

கட்டணமே இல்லாமல் வீட்டுக்கு வருபவை

1898 அல்லது அதற்கு முன் தயாரானவையும், முன்புறமிருந்து கருமருந்து இட்டுச் சுடும் பெரும்பாலான மாதிரிகளும் கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கி அல்ல. மாநிலச் சட்டம் தடுக்காவிட்டால் கூரியரிலேயே வரும். 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத துப்பாக்கிகளில் ஆர்வம் உள்ளவர்கள் 03 வகை உரிமம் எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டுக்கு 30 டாலர்தான். இரண்டாம் உலகப்போர்க் கால ரைபிள் ஒன்று வாங்கும்போதே டிரான்ஸ்ஃபர் கட்டணத்தில் அந்தக் காசு திரும்பிவிடும். ஆனால் பதிவேடு எழுதும் கடமையும் சேர்ந்தே வரும்.

பழுதுக்காகத் தொழிற்சாலைக்கு அனுப்பிய உங்கள் துப்பாக்கியை அவர்கள் நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். இதற்கு நடுவில் ஒரு டீலரை வைத்துக் கட்டணம் கட்டுபவர்கள் வீணாகக் கட்டுகிறார்கள்.

சுடும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரும் குட்டைக் குழல் ரைபிளும் நேரெதிர். 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவற்றுக்கு இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. விண்ணப்பமும் கைரேகையும் புகைப்படமும் ஏடிஎஃப் ஒப்புதலும் அப்படியே இருக்கின்றன. ஒப்புதல் வரும்வரை பொருள் டீலரின் பெட்டகத்தில்தான் கிடக்கும். இந்த வகைப் பொருளைக் கையாள டீலர் ஆண்டுதோறும் தனி வரியும் கட்டுகிறார். சாதாரணத் துப்பாக்கிக்கு 30 டாலர் வாங்குபவரே இதற்கு 75, 100 என்று கேட்பது அதனால்தான். வரி போய்விட்டதே என்று பேரம் பேசினால் எடுபடாது, அந்த 200 அவர் பைக்குப் போனதே இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களில் எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் ஆர்டர் போடும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டரசுச் சட்டத்தில் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அந்த ஆவணத்தை டீலரிடம் காட்டி, ஐ-94 எண்ணையும் படிவத்தில் எழுத வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கார்டில் உள்ள ஏ எண்ணை எழுதினால் போதும். விலக்கு பொருந்துமா என்ற சந்தேகத்தோடு முதலில் வாங்கிவிட்டு டீலர் கடையில் தீர்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். அங்கே சிக்கினால் கட்டணத்தோடு முடியாது, குடியேற்ற வழக்காகவும் ஆகலாம்.